உரலோசை கேட்கும் சயாம் கடை

மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள பாடாங் செராய் இரவுச் சந்தையின் கோடியில், குச்சியில் கோத்துச் சுடும் சாத்தே இறைச்சியின் புகையையும் கரும்புச்சாற்று இயந்திரத்தின் இரைச்சலையும் கடந்து சென்றால், மண்ணுரலில் மர உலக்கை விழும் ஓசை கேட்கும். அந்த ஓசை வரும் சயாம், அதாவது தாய்லாந்து உணவுக் கடைக்கு நான்கு வாரங்கள் தொடர்ந்து சென்று, அங்கு விற்கும் ஐந்து பண்டங்களையும் உண்டு பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். கடையை நடத்துபவர் தென் தாய்லாந்தின் சொங்க்லா பக்கத்திலிருந்து திருமணமாகி நம் ஊருக்கு வந்தவர். எல்லோரும் அவரைக் 'காக்' (அக்கா) என்றே அழைக்கிறார்கள்.

முதலில் கேட்டு வாங்க வேண்டியது சொம் தாம். 'சொம்' என்றால் புளிப்பு, 'தாம்' என்றால் இடித்தல். பூண்டையும் பச்சை மிளகாயையும் முதலில் நசுக்கி, பனைவெல்லம், பயற்றங்காய், தக்காளி, காய்ந்த இறால், எலுமிச்சைச் சாறு, மீன் சாறு ஆகியவற்றைச் சேர்த்து, கடைசியில் மெல்லிய கீற்றுகளாகச் சீவிய பப்பாளிக்காயைப் போட்டு, ஒரு கையால் இடித்துக்கொண்டே மறு கையிலுள்ள கரண்டியால் அவர் புரட்டிக்கொடுக்கிறார். காய் நசுங்கக் கூடாது. சாறு உள்ளே இறங்கும் அளவுக்கு மட்டுமே துவள வேண்டும் என்பதற்காகத்தான் கல்லுக்குப் பதிலாக மண்ணும் மரமும். தோட்டத்து வீட்டுக் கொல்லையில் காய்த்த பப்பாளிக்காயைக் கூட்டிலும் சாம்பாரிலும் மட்டுமே கண்டு வளர்ந்த எனக்கு, அதே காய் பச்சையாக, நறுக்கென்று, புளிப்பும் உப்பும் இனிப்பும் காரமும் ஒரே வாயில் தெரிய வந்தது பெரும் வியப்பாக இருந்தது. விலை 7 ரிங்கிட். காரத்தைக் குறைக்கச் சொல்லலாம். புளிப்பைக் குறைக்கச் சொன்னால் அதன் பெயருக்கே பொருளில்லாமல் போகும்.

அடுத்துச் சொல்ல வேண்டியது துளசியிலை போட்டு வதக்கும் பாட் கப்பராவ். பல கடைகளில் இதற்கு இனிப்பு வாசமுள்ள வேறொரு துளசி வகையைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். இங்கே உண்மையான கப்பராவ் இலையே விழுகிறது. அதுவும் கோழிக் கொத்துக்கறி வெந்து, அடுப்பை அணைத்த பிறகே சேர்க்கப்படுவதால் அதன் கிராம்பு போன்ற மணம் கெடுவதில்லை. அந்த இலையும் நம் வீட்டு மாடத்தில் நாம் வணங்கும் துளசியும் தாவரவியலில் ஒரே இனம். பெருமாள் கோவில் தீர்த்தத்தில் மணக்கும் இலை கோழிக்கறியோடு வருவதை என் தாயாரால் ஏற்க இயலவில்லை. அந்தத் தயக்கத்தை மதித்து, அவருக்கு மட்டும் வேறு பண்டத்தைப் பொட்டலம் கட்டி வருகிறேன்.

தோம் யாம் என்னும் புளிப்புக் காரச் சூப் இங்கே தெளிந்த நீராகவே வருகிறது. சிவந்து, இனித்து, கெட்டியாக இருக்கும் சூப்பையே தோம் யாம் என்று பழகியவர்களுக்கு முதல் கரண்டியில் ஏமாற்றம் தோன்றலாம். இரண்டாவது கரண்டியில் செராய் (எலுமிச்சைப்புல்), லெங்குவாஸ் (பேரரத்தை), லீமாவ் பூருட் (ஒருவகை எலுமிச்சை) இலை மூன்றும் தனித்தனியே நாவில் தெரியும். செராய் வயல் என்று பொருள்படும் பெயருடைய ஊரில் இருந்துகொண்டு அந்த மணத்தை இத்தனை நாள் இவ்வளவு தெளிவாக நான் உணராதிருந்தேன். இறாலிட்ட தோம் யாம் குங், 2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

அரிசி மீயை (நூடுல்ஸை) வதக்கிச் செய்யும் பாட் தாய் மட்டும் எனக்கு நிறைவளிக்கவில்லை. பிபுல் சொங்க்ராம் பிரதமராக இருந்த காலத்தில், சயாம் 1939இல் தாய்லாந்து எனப் பெயர் மாறியதை ஒட்டிய ஆண்டுகளில், தேசிய உணவாக வளர்க்கப்பட்ட பண்டம் அது. ஒரு தட்டு, இரண்டு தட்டாகக் கடும் தீயில் வதக்கினால்தான் அரிசி மீ ஒட்டாமல் வரும். இங்கே கூட்டத்தைச் சமாளிக்கப் பத்துத் தட்டுக்கானதை ஒரே சட்டியில் போடுவதால் மீ குழைந்து, புளியை மீறி இனிப்பு நிற்கிறது.

சைவ உணவுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இறாலை எடுத்துவிடச் சொன்னாலும் மீன் சாறு உள்ளே இருக்கும். 'ஜே' என்று சொன்னால் காக் புரிந்துகொண்டு மீன் சாறு இல்லாமல் உப்பும் சோயாவும் போட்டுத் தருகிறார். தாய்லாந்து வழக்கில் அச்சொல் பூண்டு, வெங்காயத்தையும் விலக்கிய உணவைக் குறிக்கும் என்பதால், பூண்டு வேண்டுமென்றால் தனியே சொல்ல வேண்டும்.

கடைசியாகக் கனோம் குரோக். 'குரோக்' என்றாலும் உரல்தான். சட்டியின் குழிகள் உரலைப்போல் இருப்பதால் வந்த பெயர். நம் குழிப்பணியாரச் சட்டியை அருகில் வைத்தால் இரண்டும் உடன்பிறந்தவை போலிருக்கும். அரிசி மாவை ஊற்றி, அதன்மேல் உப்பும் சர்க்கரையும் கலந்த தேங்காய்ப்பாலை வார்த்து, சிறிது வெங்காயத் தாள் தூவி மூடிவிடுகிறார்கள். அடி மொறுமொறுப்பாகவும் நடு தயிர்போல் தளர்ந்தும் வருகிறது. எட்டு உருண்டை 5 ரிங்கிட். ஆறினால் அடி தொய்ந்துவிடும். ஆகவே இதை மட்டும் பொட்டலம் கட்டாமல், சட்டியருகிலேயே நின்று உண்ணுங்கள். மாவு ஏழரை மணிக்குள் தீர்ந்துவிடுகிறது.