குரலுக்கு முகம் கொடுக்கும் அவதார் சிகிச்சை: ஒரு மதிப்பீடு

மனச்சிதைவு நோய்க்கு மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தும், ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, யாரும் பேசாமலே காதில் கேட்கும் குரல்கள் ஓய்வதில்லை. அப்படிப்பட்டவர்களுக்காக லண்டன் மனநல மருத்துவர் ஜூலியன் லெஃப் வடிவமைத்ததுதான் அவதார் சிகிச்சை. எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சையான அறிவுசார் நடத்தைச் சிகிச்சைக்குக் குறைந்தது 16 அமர்வுகள் வேண்டும் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் கூறும் நிலையில், இதன் அடிப்படை வடிவம் 6 அமர்வுகளில் முடிந்துவிடுவது முதல் கவர்ச்சி.

தன்னை அதிகம் வதைக்கும் குரல் எதுவோ, அதற்குப் பொருத்தமான முகத்தையும் தொனியையும் நோயாளியே கணினியில் தேர்ந்தெடுக்கிறார். பிறகு அவர் ஓர் அறையில் திரைமுன் அமர, சிகிச்சையாளர் அடுத்த அறையிலிருந்து இரண்டு குரல்களில் பேசுகிறார்: சொந்தக் குரலில் "விடாதீர்கள், பதில் சொல்லுங்கள்" என்று தைரியமூட்டுகிறார், கணினி மாற்றித் தரும் குரலில், பொம்மலாட்டக்காரரைப் போல அந்த முகத்தை உதடசைத்துப் பேசவைக்கிறார். "நீ எதற்கும் லாயக்கில்லாதவன்" என்பது போல அன்றாடம் கேட்டுக் கூசிப்போன வசைகளையே முகம் முதலில் சொல்கிறது. நோயாளி எதிர்த்துப் பேசப் பேச, அடுத்தடுத்த அமர்வுகளில் அது படிப்படியாக இறங்கி வருகிறது. முகத்தோடு நேருக்கு நேர் பேசுவது பெரும்பாலும் 10, 15 நிமிடங்களே; மீதி நேரம் அதற்கான தயாரிப்புக்கும் பேசியதை அலசுவதற்கும் போகிறது. ஒலிப்பதிவை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, குரல் தொல்லை செய்யும்போது போட்டுக் கேட்கச் சொல்வது, இந்த ஏற்பாட்டிலேயே மிகவும் நடைமுறை அறிவுள்ள அம்சமாக எனக்குப் படுகிறது.

ஆய்வு முடிவுகளை நிதானமாகத்தான் படிக்க வேண்டும். 2013இல் வெளியான முதல் சிறு ஆய்வில் சிகிச்சை பெற்ற 16 பேரில் மூவருக்குக் குரல்கள் அடியோடு நின்றதால் எதிர்பார்ப்பு எகிறியது. 150 பேரைக் கொண்ட 2018ஆம் ஆண்டு ஆய்வில், ஆதரவு ஆலோசனை பெற்றவர்களைவிட அவதார் சிகிச்சை பெற்றவர்கள் 12ஆம் வாரத்தில் தெளிவாக முன்னேறியிருந்தனர். ஆனால் 24ஆம் வாரத்தில் அந்த வேறுபாடு தேய்ந்துபோனது. பரிவோடு காதுகொடுத்துக் கேட்கும் சாதாரண ஆலோசனையும் ஓரளவு பலன் தருகிறது என்பதை இந்த முடிவிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். கணினியின் பெருமையை மட்டும் பேசுபவர்கள் இதைச் சொல்வதில்லை. 345 பேர் பங்கேற்ற 2024ஆம் ஆண்டு ஆய்வில் மன வேதனை 16ஆம் வாரத்தில் குறைந்தாலும், 28ஆம் வாரத்தில் வழக்கமான சிகிச்சையைவிட மேல் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனினும் 12 அமர்வுகள் கொண்ட நீண்ட வடிவத்தில் குரல்கள் கேட்கும் தடவைகள் இரு கட்டங்களிலும் குறைந்திருந்தன. எனவே, குறுகிய வடிவம் என்ற கவர்ச்சியை விட்டுவிட்டு நீண்ட வடிவத்தையே நான் பரிந்துரைப்பேன்.

குறைகளும் உண்டு. வதைக்கும் குரலை வேண்டுமென்றே எதிரில் வரவழைப்பதால், முதல் அமர்வுகளில் பதற்றம் கூடலாம். சிலர் பாதியிலேயே விலகுகிறார்கள். இரண்டு குரல்களுக்கிடையே நொடியில் மாறி, நோயாளியின் முகபாவத்தையும் கவனிக்கத் தெரிந்த சிகிச்சையாளர் கிடைப்பது, மென்பொருளை நிறுவுவதைவிடக் கடினம். மருந்தை நிறுத்திவிட்டு இதை நாடக்கூடாது. மருந்தோடு சேர்த்துச் செய்வதற்கென்றே இது உருவானது. குரலுக்கு அஞ்சினாலும், அதனோடு வாதிடும் அளவுக்காவது திடம் உள்ளவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்லலாம்; அந்த முகத்தைப் பார்க்கவே முடியாது என்பவர்களுக்கு முதலில் ஆதரவு ஆலோசனையைத் தொடங்குவது நல்லது.