மின் டெண்டர் தளங்கள்: சிறு கட்டுமான நிறுவனத்தின் நீண்ட நாள் அனுபவம்

அரசுக் கட்டட வேலைகளை எடுத்துச் செய்யும் சிறிய நிறுவனம் எங்களுடையது. தமிழ்நாடு அரசின் டெண்டர் தளம், மத்திய அரசின் மின்கொள்முதல் தளம் இரண்டையும் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறோம். இரண்டும் தேசிய தகவலியல் மையத்தின் ஜெப்நிக் மென்பொருளில் இயங்குபவை என்பதால், ஒன்று பழகினால் மற்றது எளிது.

புது வேலை பிடிக்க எங்களுக்கு அதிகம் உதவியது புதிய டெண்டர்களின் பட்டியல் அல்ல, முடிந்துபோன டெண்டர்களின் முடிவுகள்தான். யார் யார் போட்டார்கள், எல்1 (மிகக் குறைந்த விலை கேட்டவர்) யார், என்ன தொகை என்று பார்க்கலாம். இதை மாவட்ட வாரியாக எக்செல்லில் ஏற்றி வந்தால், பள்ளிக் கட்டடத்துக்கு எஸ்டிமேட்டை (துறை போட்ட மதிப்பீட்டை) விட எவ்வளவு கீழே போகிறார்கள், எந்த வேலைக்குக் கூட்டம் குறைவு என்பதெல்லாம் புரியும். விளம்பரத்துக்குச் செலவழிப்பதை விட இந்த எக்செல்லுக்கு ஒரு ஆளைப் போடுவது மேல் என்பேன்.

அடுத்தது தகுதிக் கணக்கு. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002-ல் வகுத்த வழிகாட்டுதல்படி, கடந்த 7 வருடங்களில் எஸ்டிமேட்டின் 80 சதவீத மதிப்பில் அதே மாதிரி வேலை ஒன்று, அல்லது 50 சதவீதத்தில் இரண்டு, அல்லது 40 சதவீதத்தில் மூன்று முடித்திருக்க வேண்டும். மத்தியப் பொதுப்பணித் துறையில் அந்த 50 மட்டும் 60 ஆகிறது. அதாவது 1 கோடி வேலை ஒன்றை முடித்தவர் 1.25 கோடி வரைதான் போட முடியும். அதே அளவில் மூன்று முடித்தவர் 2.5 கோடிக்கே போட்டியிடலாம்! அதனால் மூன்றாவது வேலையில் லாபம் கொஞ்சம் குறைந்தாலும் நாங்கள் விடுவதில்லை. அடுத்த படிக்கு ஏற்றுவதே அதுதான்.

வடிவமைப்பு ஆலோசனை செய்யும் ஆர்க்கிடெக்ட் நண்பர்களுக்குக் கணக்கு வேறு. தரத்தையும் விலையையும் சேர்த்து மதிப்பிடும் டெண்டர்களில் தொழில்நுட்பப் பகுதிக்கு 80 சதவீதம் வரை மதிப்பு கொடுக்க மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகள் அனுமதிக்கின்றன. வெறும் எல்1 டெண்டர்களை விட்டுவிட்டு இவற்றில் நேரத்தைப் போடுவது அவர்களுக்கு நல்லது.

தளத்தின் நடைமுறை கறாரானது. 2021-லிருந்து கிளாஸ் 3 டிஜிட்டல் கையொப்பம் கட்டாயம். விலைப்பட்டியல் கோப்பின் பெயரை மாற்றக் கூடாது. கெடு முடியும்வரை திருத்தி மறுபடி ஏற்றலாம். ஆனால் ஒருமுறை டெண்டரைத் திரும்பப் பெற்றுவிட்டால் அதே டெண்டரில் மறுபடி நுழைய முடியாது. திருத்த அறிவிப்பு வந்திருக்கிறதா என்று கடைசி நாளில் கண்டிப்பாகப் பாருங்கள்.

தளம் செய்து தராத ஒன்று, வேலை முடிப்புச் சான்றிதழ். அதில் தொகை மட்டும் இருந்தால் போதாது. மாடி எண்ணிக்கை, பரப்பளவு, ஆர்சிசி ஃப்ரேம் (கம்பி கட்டிய கான்கிரீட் தூண், உத்தரம்) கட்டடமா என்பதையும் எழுதி வாங்க வேண்டும். 'அதே மாதிரி வேலை' என்று காட்ட அந்த வரிகள்தான் கை கொடுக்கும். கட்டடத்தை ஒப்படைத்த கையோடு வாங்கிவிடுங்கள். பொறியாளர் மாற்றலாகிப் போய்விட்டால், அப்புறம் புதிதாக வந்தவருக்கு செய்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்திலிருந்து எல்லாவற்றையும் காட்டித்தான் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும்.