ஃபிளாஷுக்கு வெளி பேட்டரி பேக்: குமரி மாவட்டக் கல்யாணங்களில் நீண்ட நாள் பயன்படுத்திய அனுபவம்

கல்யாண போட்டோ எடுப்பவர்கள் நாலு பேர் சேர்ந்து ஃபிளாஷைப் பற்றிப் பேசினால், கடைசியில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: தனியாக ஒரு பேட்டரி பேக் வாங்கி மாட்டினால் உண்மையிலேயே பிரயோஜனம் உண்டா, இல்லை தண்டச் செலவா? மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கம் கோயில் கல்யாணமும் மண்டபக் கல்யாணமுமாக வருடக்கணக்கில் இடுப்பில் பேக்கோடு அலைகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், பிரயோஜனம் உண்டு. ஆனால் அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கிற பிரயோஜனம் வேறு, வேலையில் கிடைப்பது வேறு. பெட்டி வேகத்தைப் பற்றிப் பேசும். அந்த வேகத்தை முழுசாக எடுத்துக்கொண்டால் ஃபிளாஷின் தலை தாங்காது. பவரைக் குறைத்து வைத்துக்கொண்டு, ஒரு தடவைகூடக் காத்து நிற்காமல் வேலை செய்யத்தான் பேக்.

இது ஏன் என்று புரிய ஃபிளாஷுக்குள் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிச்சம் பேட்டரியிலிருந்து நேராக வருவதில்லை. உள்ளே ஒரு கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் நிரம்பி நிற்க வேண்டும். நான்கு பென்டார்ச் செல் சேர்ந்தால் கிடைப்பதோ 5, 6 வோல்ட். அதை அவ்வளவு உயரத்துக்கு ஏற்றுகிற சர்க்யூட் போடும் சத்தம்தான், அடித்த பிறகு நமக்குக் கேட்கிற அந்த மெல்லிய ‘ஙீ’. முழு பவரில் ஒரு தடவை அடித்தால், கேமரா மேல் மாட்டுகிற சாதாரண ஸ்பீட்லைட் ஃபிளாஷில் 60 முதல் 80 ஜூல் வரை காலியாகும். அதை ஐந்து விநாடிக்குள் திரும்ப நிரப்ப, செல்களிலிருந்து நான்கைந்து ஆம்பியர் இழுக்க வேண்டும். அல்கலைன் செல்லில் 1.5 வோல்ட் என்று போட்டிருந்தாலும் அதன் உள்தடை அதிகம், இந்த இழுப்பில் துவண்டுவிடும். 1.2 வோல்ட் என்று போட்டிருக்கிற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் அதைவிடச் சீக்கிரம் ஏற்றும். ஆகவே இன்னும் கடையில் அல்கலைன் வாங்கிப் போடுகிறவர்கள், பேக்கைப் பற்றி யோசிக்கும் முன்னால் எனெலூப் மாதிரி நல்ல ரீசார்ஜபிள் செல்லுக்கு மாறிப் பாருங்கள். பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும்.

பேக்கில் இரண்டு வகை. ஒன்று, செல் போடுகிற இடத்தில் டம்மி செல்லைச் செருகி வெளியிலிருந்து அதே 6 வோல்ட்டைக் கொடுப்பது. அதில் நிறையத் தடவை அடிக்கலாம், வேகம் பெரிதாகக் கூடாது. மற்றது உயர் வோல்ட்டேஜ் பேக். அதற்குள்ளேயே தனியாக ஒரு சர்க்யூட் இருந்து 300 வோல்ட் அளவுக்கு ஏற்றி, ஃபிளாஷின் பக்கவாட்டில் ரப்பர் மூடிக்குள் இருக்கிற மூன்று முள் சாக்கெட் வழியாக நேரே கெப்பாசிட்டருக்குத் தரும். உள்ளே உள்ள செல்லும் ஏற்றும், பேக்கும் ஏற்றும். ஒரே குடத்தை இரண்டு குழாயில் பிடிக்கிற மாதிரி. கேனானின் சிபி-ஈ4, நிக்கானின் எஸ்டி-9 இரண்டும் இந்த வகைதான், 8 பென்டார்ச் செல் பிடிக்கும். நான் பயன்படுத்துவது லித்தியம் பேக், கோடாக்ஸ் பிபி960. 11.1 வோல்ட், 4500 மில்லி ஆம்பியர்-மணி, அதாவது 50 வாட்-மணி. 2000 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட நான்கு ரீசார்ஜபிள் செல் சேர்ந்தால் 9.6 வாட்-மணி. ஐந்து மடங்கு வித்தியாசம். காலையில் பெண் வீட்டில் ஆரம்பித்து ராத்திரி ரிசப்ஷன் முடிகிறவரை என் பேக் ஒரே சார்ஜில் ஓடிவிடுகிறது. நடுவில் பந்திக்குப் போகிற வழியில் பிளக் பாயின்ட் தேடுகிற வேலை இல்லை.

நம்ம மாவட்டத்தில் பேக்குக்கு உண்மையான பரீட்சை தேவாலயங்கள்தான். கன்னியாகுமரி அலங்கார உபகார மாதா கோயிலுக்குள் போய் மேலே பார்த்தவர்களுக்குத் தெரியும், கூரையில் பட்டு வெளிச்சம் திரும்பி வரும் என்று நம்பி ஃபிளாஷைத் தூக்கி வைத்தால் ஒன்றும் கீழே வராது. நடுத்தர உயரமுள்ள பங்குக் கோயில்களில் வரும், ஆனால் பவரைக் கேமராவே தீர்மானிக்கிற டிடிஎல்லில் விட்டால் ஒவ்வொரு தடவையும் முழு பவரைத் தின்றுவிட்டுத்தான் வரும். அதே நேரத்தில் தாலி கட்டுகிற இடம் எப்படி இருக்கும்? சாமியார் தாலியை மந்திரித்துக் கொடுப்பார், மாப்பிள்ளை கையை முன்னே கொண்டுபோவார், நாத்தனார் பின்னால் குனிந்து முடிச்சை இறுக்குவார், பெண் ஒரு கணம் நிமிர்வாள். ஒரு மூச்சில் முடிந்துவிடும். செல்லை மட்டும் நம்பினால் மாப்பிள்ளையின் கை முன்னே போகிற ஒரு படம் கிடைக்கும், அடுத்தது இருட்டாக வரும், ரெடி லைட் திரும்ப எரியும்போது நாத்தனார் தன் இடத்துக்குப் போயிருப்பார். பேக் இருந்தால் நான்கு கட்டமும் கிடைக்கும். வெறும் செல்லில் முழு பவருக்கு ஐந்து, ஆறு விநாடி எடுத்துக்கொண்ட என் ஃபிளாஷ், பேக்கோடு ஒன்றரை, இரண்டு விநாடியில் தயாராகிவிடுகிறது. அரை பவருக்கு இறக்கினால் காத்திருப்பதே தெரியாது.

பெரிய கூரையில் நான் பவரை ஏற்றுவதில்லை, கேமராவின் வெளிச்ச உணர்திறனான ஐஎஸ்ஓவை ஏற்றுகிறேன். 400இல் எடுப்பதை 1600க்குக் கொண்டுபோனால் இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு. ஃபிளாஷில் அது முழு பவருக்குப் பதில் கால் பவர். இன்றைய கேமராக்களுக்கு 1600 ஒரு பொருட்டே இல்லை. அப்படியானால் பேக் எதற்கு என்று கேட்கலாம். கால் பவரில் வெறும் செல்லும் வேகமாகத்தான் ஏற்றும், பூசையின் முதல் அரை மணிநேரத்துக்கு. பிறகு செல் இறங்க இறங்க ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக நேரம் கூடும். பேக்கோடு மாலை ஐந்து மணிக்கும் காலை பத்து மணிக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயம், விநாடிக் கணக்கு இல்லை.

மண்டப மேடை வேறு மாதிரி. அங்கே தருணம் தவறாது, ஆள் வரிசைதான் நீளும். மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு ஒரு குடும்பம் இறங்குவதற்குள் அடுத்த குடும்பம் ஏறி நிற்கும். “மக்கா, ஒண்ணு கூட எடு, நான் கண்ண அடைச்சிட்டேன்” என்று ஒரு பாட்டி சொல்வார். அடைத்தாரோ இல்லையோ, இரண்டாவது எடுத்தே ஆக வேண்டும். ஃபிளாஷ் தயாராகாமல் நான் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு சும்மா நின்றால், பிடித்து வைத்த சிரிப்பு உதட்டில் காய்ந்துபோகும், பின்வரிசைப் பிள்ளைகள் திரும்பிவிடுவார்கள். பேக் வந்த பிறகு குழுப் படங்களை ஒவ்வொன்றும் மூன்று தடவை தொடர்ச்சியாக அடித்துவிடுகிறேன். கண் மூடியவர்களைக் கம்ப்யூட்டரில் மாற்றி ஒட்டுகிற வேலை வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஆனால் சூடு ஏறுவதும் இதே மேடையில்தான். செல்லை மட்டும் நம்புகிற காலத்தில் அந்த ஐந்து விநாடிக் காத்திருப்புதான் ஃபிளாஷ் டியூபுக்குக் கிடைத்த ஓய்வு. பேக் அந்த ஓய்வைப் பிடுங்கிவிடுகிறது. கேனான் 580இஎக்ஸ் II கையேட்டிலேயே, தொடர்ந்து 20 தடவைக்கு மேல் அடிக்காதீர்கள், அடித்தால் குறைந்தது 10 நிமிடம் விடுங்கள் என்று போட்டிருக்கிறது. பேக் வைத்திருப்பவருக்கு முழு பவரில் 20 என்பது ஒரு நிமிடத்துக்குள் முடிகிற கணக்கு. சூட்டைக் கவனிக்கிற தெர்மல் கட் உள்ள ஃபிளாஷ் தானாக நின்றுவிடும், முகூர்த்த நேரத்தில் நின்றால் அது இன்னொரு தலைவலி. அது இல்லாத பழைய ஃபிளாஷ் நிற்காது, முன்பக்கப் பிளாஸ்டிக் மெதுவாகப் பழுப்பேறும். நண்பர் ஒருவரின் ஃபிளாஷில் டியூபுக்கு நேர் முன்னால் தேநீர்க் கறை மாதிரி ஒரு கோடு, தொட்டால் உள்பக்கம் கொப்பளித்திருப்பது விரலில் தட்டும். வெளிச்சம் பரவுகிற கோணத்தை மாற்றும் ஃபிளாஷின் ஸூம் அகலக் கோணத்தில் இருக்கும்போது டியூப் அந்தப் பிளாஸ்டிக்குக்கு மிக அருகில் வந்துவிடும், சூடு நேராகப் படும். கூரையில் அடிக்கும்போது நான் ஸூமைக் கையால் 50 மி.மீ.யில் வைத்துவிடுவேன். மேடையில் அரை பவருக்கு மேல் போவதே இல்லை, இரண்டு ஃபிளாஷை இரு பக்கமும் நிறுத்திப் பங்கு போட்டுக்கொள்கிறேன். வெளிச்சத்துக்கு நிறம் தருகிற கலர் ஜெல் தாளைத் தலையோடு ஒட்டி மூடினால் இன்னும் மோசம்.

முழு பவருக்குத் தப்பிக்க வழியே இல்லாத இடம் கடற்கரை. முட்டம் பாறையிலோ சொத்தவிளையிலோ ஜோடியை நிறுத்தி, சூரியன் பின்னால் இருக்க முகத்துக்கு வெளிச்சம் கொடுக்க வேண்டுமென்றால் வேகமான ஷட்டரோடு ஃபிளாஷ் அடிக்க வைக்கிற ஹை ஸ்பீட் சிங்க் போட்டாக வேண்டும், அது ஃபிளாஷின் பலத்தைப் பாதிக்கு மேல் தின்றுவிடும். சூரியன் கடலைத் தொட்ட பிறகு நமக்கு இருப்பது ஒருசில நிமிடம். அங்கே பேக் இல்லாமல் நான் போவதில்லை. படம் எடுத்து எடுத்து இடையில் பார்ப்பதற்கு நிறுத்துவேன், தலைக்கு அதுவே ஓய்வு. இதே மாதிரிதான் டிசம்பர் முதல் வாரக் கோட்டாறு சவேரியார் திருவிழாத் தேர்ப்பவனியும். ராத்திரி, மேலே வானம், ஒன்றும் திரும்பி வராது, நேரடி வெளிச்சம்தான், தேரோ நமக்காக நிற்காது.

கடல் காற்றால் ஒரு தொல்லையும் உண்டு. பேக்கின் பலவீனமான உறுப்பு அதன் சுருள் வயர். நான் இணையத்தில் மலிவாக வாங்கிய ஒரு வயர் ஒரு மழைக்காலம் தாண்டவில்லை. முள்ளில் பச்சை பிடித்து, தலையைத் திருப்பும்போதெல்லாம் தொடர்பு விட்டுவிட்டு வந்தது. நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை, இரண்டுக்கும் நடுவில் உப்புக் காற்று. இப்போது கடற்கரை வேலை முடிந்த அன்றே முள்ளை உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கிறேன். இன்னொன்று, அந்த வயரில் ஓடுவது 300 வோல்ட். ஃபிளாஷையும் பேக்கையும் அணைத்த பிறகுதான் மாட்டுவதும் கழற்றுவதும். மழையில் நனைந்த கையோடு அசிஸ்டென்ட் பையன் அதைத் தொட வந்தால் சத்தம் போட்டாவது தடுப்பேன்.

பேக் இருக்கிறதே என்று உள்ளே செல் போடாமல் விட முடியாது. திரை, ஸூம் மோட்டார், கேமராவோடு பேசுகிற சர்க்யூட் எல்லாம் உள் செல்லில்தான் ஓடும். சில ஃபிளாஷ்களில், சார்ஜ் ஏற்ற வெளி பேக்கை மட்டும் பயன்படுத்து என்று மெனுவில் மாற்றி வைக்கலாம். வேகம் லேசாகக் குறையும், உள் செல் நாள் முழுக்க நிற்கும். எனக்கு அதுதான் தோது.

பவர் பேங்க் போட்டால் ஆகாதா என்று பல பேர் கேட்கிறார்கள். ஆகாது. வேகச் சார்ஜ் இல்லாத சாதாரண பவர் பேங்க் தருவது 5 வோல்ட்டில் 2 ஆம்பியர், பத்து வாட். ஃபிளாஷ் கேட்பது அதற்கு இரண்டு மடங்குக்கு மேல். போதாததற்கு, அதை மாட்ட இந்த ஃபிளாஷ்களில் இடமும் கிடையாது.

பராமரிப்பில் நம்ம நாட்காட்டியை ஒட்டியே ஒரு விஷயம். ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கல்யாணம் இல்லை, தவக்காலத்தில் கத்தோலிக்கக் கல்யாணம் இல்லை. அந்த மாதங்களில் லித்தியம் பேக்கை முழு சார்ஜில் அலமாரியில் போட்டுவிட்டால் அதன் ஆயுள் குறையும். பாதி சார்ஜில் வைத்து, மாதம் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இதைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், பெட்டியில் போட்டு அனுப்பினால் திறக்கச் சொல்வார்கள். 100 வாட்-மணிக்குக் கீழே இருப்பதால் கைப்பையில் தடையில்லை.

இன்று புதிதாகத் தொழிலுக்கு வருகிற தம்பி கேட்டால் பேக் வாங்கு என்று சொல்ல மாட்டேன். கோடாக்ஸ் வி860 II மாதிரி உள்ளேயே 11.1 வோல்ட் லித்தியம் பேட்டரி உள்ள ஃபிளாஷ் முழு பவரில் 1.5 விநாடியில் தயாராகும், 650 தடவை அடிக்கலாம் என்று கம்பெனி சொல்கிறது. அதில் வெளி சாக்கெட்டே கிடையாது, தேவையும் இல்லை. கூடுதலாக ஒரு பேட்டரி சட்டைப்பையில் இருந்தால் போதும், இடுப்பில் கனமும் காலில் சிக்குகிற வயரும் மிச்சம். நல்ல கேனான் 600இஎக்ஸோ நிக்கான் எஸ்பி-910ஓ ஏற்கெனவே கையில் இருக்கிறது, அதை விற்க மனசில்லை என்பவர்களுக்குத்தான் பேக். நான் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

பழைய பேக் வாங்குகிறவர்கள் கடையில் வைத்தே பார்த்துவிடுங்கள். முழு சார்ஜ் ஏற்றி, அரை பவரில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு தடவை அடியுங்கள். முதல் தடவைக்கும் கடைசிக்கும் நேரம் நீண்டுகொண்டே போனால் உள்ளே செல் போய்விட்டது. பக்கத்தில் லேசாக உப்பியிருந்தாலும் வேண்டாம். கேனானுக்கும் நிக்கானுக்கும் முள் வேறு, வயர் தனியாகத்தான் விற்பார்கள். உங்கள் ஃபிளாஷுக்கான வயர் கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள், கிடைக்காவிட்டால் பேக் எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிடுங்கள்.