ஜாம் ஆன பழைய மாஸி 1035-க்கு வடுவூர் பக்கம் ஒரு பட்டறை

பல வருஷம் ஓட்டாமல் போட்ட டிராக்டரில் என்ஜின் பிடித்துக்கொண்டு தவிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தஞ்சாவூர்–மன்னார்குடி சாலையில் வடுவூர் ஏரியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ஒரு தகரக் கொட்டகை வரும். போர்டு கிடையாது. வாசலில் துருப்பிடித்த கேஜ் வீல்கள் (சேற்றில் ஓட்ட டிராக்டரில் மாட்டும் இரும்புச் சக்கரங்கள்) சாய்ந்து கிடக்கும், அதுதான் அடையாளம்.

எங்களுடையது அப்பா வாங்கிய மாஸி பெர்குசன் 1035, மூன்று சிலிண்டர் சிம்சன் என்ஜின். 2018 நவம்பரில் கஜா புயலில் கொட்டகை சரிந்ததிலிருந்து நின்ற இடத்திலேயே நின்றது. சைலன்சர் வாயில் மூடி இல்லை, அதனால் ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகை மழையும் நேராக உள்ளே இறங்கியிருக்கிறது. என்ஜின் நிற்கும்போது எந்த சிலிண்டரில் எக்ஸாஸ்ட் வால்வு திறந்து நிற்கிறதோ அதற்குத்தான் சனி. தண்ணீரும் ஈரக்காற்றும் அதில் புகுந்து பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கையும் சிலிண்டரின் உள்சுவரான லைனரையும் துருவால் ஒட்டவைத்துவிடும்.

முதலில் ஊரில் ஒரு மெக்கானிக் பார்த்துவிட்டு, "இன்னொரு டிராக்டர்ல கட்டி, கியர்ல போட்டு இழுத்தா விட்டுடும்" என்றார். நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள், சில சமயம் விடவும் செய்யும். விடாவிட்டால் ரிங் உடையும், லைனர் கீறும், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். வால்வு ஏதாவது அது ஏறி இறங்கும் கைடில் ஒட்டியிருந்தால், அதைத் தள்ளும் புஷ் ராடும் சேர்ந்து போகும். சும்மா நின்ற வண்டியை இப்படி இழுத்தே உருப்படாத வண்டியாக்கியதை நான் பார்த்திருக்கிறேன், அதனால் வேண்டாம் என்றுவிட்டேன்.

அப்புறம்தான் வடுவூர் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் ஸ்பேனரை எடுக்கும் முன்பே சொன்னது: "அவசரம்னா வேற எடம் பாத்துக்குங்க தம்பி."

டாப் கவரைக் கழற்றி ஒவ்வொரு வால்வையும் லேசாக அமுக்கிவிட்டு, திரும்ப எழும்புகிறதா என்று பார்த்தார். அப்புறம் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் மூன்று நாசிலையும் கழற்றி, அந்த ஓட்டைகள் வழியாக டீசலும் பவர் ஸ்டீரிங்குக்கு ஊற்றும் சிவப்பு எண்ணெயும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினார். நான் துருவை இளக்க அடிக்கும் டபிள்யூடி-40 ஸ்ப்ரே டப்பா ஒன்று வாங்கிப் போயிருந்தேன், "அது நட்டுக்குத்தான், பிஸ்டனுக்கு வேலைக்கு ஆவாது" என்று ஓரமாக வைத்துவிட்டார். சரிதான், அதில் பெரும்பகுதி சீக்கிரம் ஆவியாகிவிடும், நாள் கணக்கில் ஊறுவதற்கு எண்ணெய்தான் நிற்கும். சைலன்சர் பக்கத்து நட்டுக்கு அந்த டபிள்யூடி-40-ஐயும் அவர் நம்பவில்லை. கேஸ் வைத்துச் சூடாக்கி, சூட்டோடு மெழுகுவர்த்தியைத் தேய்த்தார். மெழுகு உருகி மரைக்குள் இழுத்துக்கொண்டது, அடுத்த நிமிஷம் நட்டு ஸ்பேனருக்கு அசைந்தது.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வந்த காத்திருப்பு. கிராங்க் புல்லியிலும் அதன் பக்கத்துக் கவரிலும் சேர்ந்தாற்போல் ஒரு சாக்பீஸ் கோடு போட்டார். ஸ்டார்ட்டரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஃப்ளைவீல் பல்லில் கம்பி வைத்து ஒரு நெம்பு முன்னால், ஒரு நெம்பு பின்னால், அவ்வளவுதான் அன்றைய வேலை. பலம் போடமாட்டார். நான் போகும்போதெல்லாம் கோட்டைத்தான் காட்டுவார். முதலில் இரண்டு கோடும் ஒட்டியே இருந்தன. பிறகு ஒரு நாள் நூலளவு விலகியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு பீடியைப் பற்றவைத்தாரே தவிர, இழுத்துப் பார்க்கலாம் என்று நான் சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை.

முழுசாகச் சுற்றியபோது மூன்றாவது சிலிண்டர் ஓட்டையிலிருந்து துரு கலந்த எண்ணெய் கூரை வரை சீறியது. நாசிலை மாட்டாமலே சுற்றுவது இதற்காகத்தான். எண்ணெய் வெளியேற வழியில்லாமல் மேலே மாட்டிக்கொண்டால் ராடு வளைந்துவிடும். ஊற்றியதில் கொஞ்சம் ரிங் வழியாகக் கீழே என்ஜின் ஆயில் நிற்கும் சம்ப்புக்கும் இறங்கியிருக்கும், அதனால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றித்தான் ஸ்டார்ட் பண்ணவேண்டும் என்றார். மாற்றினோம்.

டீசல் பம்ப் தனிக் கதை. பழைய டீசல் உள்ளே பிசினாகிவிடும். டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் பாகம் திறந்தபடி ஒட்டியிருந்தால், ஸ்டார்ட் ஆன என்ஜின் நிற்காமல் வேகமெடுத்துக் கண்ட்ரோல் இல்லாமல் ஓடி உடைந்துபோகும். அதனால் பம்பைக் கழற்றி தஞ்சாவூருக்கு அனுப்பிச் சரிசெய்தார். அப்படியும் முதல் ஸ்டார்ட்டின்போது, தேவைப்பட்டால் காற்றை அடைக்க, காற்று இழுக்கும் வாய்ப்பக்கம் ஒரு பையனைப் பலகையோடு நிறுத்தியிருந்தார்.

இப்போது குறைகள். எப்போது முடியும் என்று கேட்டால் பதிலே வராது, போனும் எடுக்கமாட்டார். பம்ப் செலவு தனி என்பதை வேலை பாதியில் இருக்கும்போதுதான் சொன்னார். பில் கிடையாது. கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டியிருந்ததைக் கவனிக்கவே இல்லை, வண்டியை எடுக்கப் போன அன்று கியர் விழாமல் கரகரவென்று கத்தியபிறகுதான் தெரிந்தது. என்ஜினைச் சூடாக்கி, கிளட்சை மிதித்தபடியே கியரில் ஓட்டி பிரேக்கை அழுத்தி அழுத்தி விடுவித்தார். அதற்குக் காசு வாங்கவில்லை, ஆனால் எனக்கு அரை நாள் போனது.

மூன்றாவது லைனரில் துருக்குழி இருக்கிறது, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கொஞ்சம் வெள்ளைப்புகை வரும். இதை அவரே முன்கூட்டிச் சொல்லி, "ஒரு போகம் ஓட்டிப் பாருங்க, ஆயில் ரொம்ப குடிச்சா அப்பறம் போர் வேலை, அதான் சிலிண்டரச் சரிபண்ற வேலை, பாத்துக்கலாம்" என்றார். இந்த சம்பாவுக்கு சேடை (நடவுக்கு முன் சேற்றுழவு) ஓட்டினோம், ஆயில் குடிப்பது பொறுத்துக்கொள்ளும் அளவில்தான் இருக்கிறது. கூலி மட்டும் ஏழாயிரம் ஆனது.

ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறக்கும் சமயத்தில் மட்டும் போகவேண்டாம். குறுவைக்கு ஓடும் வண்டிகளே வரிசையில் நிற்கும், ஜாம் ஆன வண்டியை ஓரங்கட்டிவிடுவார். சம்பா அறுவடை முடிந்து மாசியில் போனால் நிதானமாகச் செய்வார். ஜிபே வாங்கிக்கொள்கிறார், கடன் மட்டும் கேட்கக்கூடாது.