கையை உயர்த்துவதா, சீட்டில் குறியிடுவதா?

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பல சிற்றூர்கள் மார்ச் முதல் செவ்வாய்க்கிழமையை ஒட்டி, வாக்காளர்களே நேரில் கூடி ஊர்ச் செலவை முடிவுசெய்யும் ஊர்க்கூட்டம் நடத்துகின்றன. சாலைச் செலவோ தீயணைப்பு வண்டியோ, தொகையை அங்கேயே வெட்டலாம்; குரலாலோ கையுயர்த்தியோ முடிவெடுப்பார்கள்.

பக்கத்து நியூ ஹாம்ஷயரில் 1995ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வழி திறந்தது. வாக்களிப்போரில் ஐந்தில் மூன்று பங்கினர் அந்த வழியை ஏற்கும் ஊரில், முதலில் முன்மொழிவுகளைப் பேசித் திருத்தும் விவாதக் கூட்டம், சில வாரம் கழித்து வாக்குச்சீட்டு.

வேலைக்குப் போகிறவருக்குச் சீட்டே வசதி. அண்டை வீட்டாரின் முறைப்பும் இல்லை. ஆனால் விவாதத்துக்கு வருவோர் சொற்பம். அந்தச் சிலர் திருத்தியதற்குத்தான் மற்றவர்கள் ‘ஆம்’, ‘இல்லை’ சொல்ல முடியும். வரவுசெலவுத் திட்டம் தோற்றால், முந்தைய ஆண்டை ஒட்டிய மாற்றுத் திட்டம் அமலாகலாம். சில வேளை அது தோற்றதைவிடப் பெரிதாக இருப்பதுதான் வேடிக்கை!

சில நூறு பேர் வாழும் ஊருக்கு என் தேர்வு கூட்டமே. பல ஆயிரம் பேர் என்றால் மண்டபம் கொள்ளாது, சீட்டுதான்.