டிஷ்வாஷர் ஆன் ஆகவில்லையா? போர்டைக் கழற்ற விடும் முன் இதைப் படியுங்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் வட்டாரத்தில் இருக்கும் நம்மில் பலர் வீட்டுச் சாதனங்களைப் பொள்ளாச்சியில்தான் வாங்குகிறோம். பேச்சு நம் பேச்சு, கடைக்காரர்களும் தெரிந்தவர்கள். ஆனால் பொருள் பழுதாகும்போது, நாம் கேரளத்தில் இருப்பதையே சாக்காக வைத்துக் கூடுதலாகப் பணம் பறிக்கும் ஆட்களும் அங்கே இருக்கிறார்கள். எங்கள் வீட்டு டிஷ்வாஷரை வைத்து 9,850 ரூபாய் பறிக்கப்பட்ட விதத்தை விரிவாக எழுதுகிறேன். கடையின் பெயரையும் ஆளின் பெயரையும் எழுதவில்லை, ஏனெனில் புகார் நிலுவையில் இருக்கிறது.

ஒரு நாள் இரவு பாத்திரங்களை அடுக்கிவிட்டுப் பொத்தானை அழுத்தியபோது இயந்திரத்தில் ஒரு விளக்குகூட எரியவில்லை. வாரண்டி முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. நிறுவனத்தின் எண்ணில் அழைத்தபோது பாலக்காட்டிலிருந்து ஆள் வர நாளாகும் என்றார்கள். வாங்கிய கடையில் கேட்டதற்கு, "கம்பெனி ஆள்தானுங்க, நாளைக்கே அனுப்பி வைக்கிறோமுங்க" என்று ஒருவரை அனுப்பினார்கள்.

வந்தவர் சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்துச் சுவரில் உள்ள பிளக் பாயிண்டில் வைத்தார். அதன் சின்ன விளக்கு எரிந்தது. "கரண்டு வருதுங்க, நீங்களே பாருங்க. போர்டு போயிருச்சுங்க. இந்தப் பக்கமெல்லாம் உப்புத் தண்ணிங்க, அதுதான் அரிச்சிருக்கும்" என்றார். (போர்டு என்பது இயந்திரத்தை இயக்கும் மின்னணுப் பலகை.) பாலக்காடு மாவட்டத்தில் நாங்கள் இருக்கும் சித்தூர் தாலுகா மழை மறைவுப் பகுதி, ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடினமானது என்பது ஊருக்கே தெரிந்த விஷயம் என்பதால் அவர் சொன்னது நம்பும்படியாகவே இருந்தது. உண்மையில் கடினத் தண்ணீர் ஹீட்டரில் காரையாகப் படியும், தெளிப்பானின் துளைகளை அடைக்கும், கண்ணாடி டம்ளர்களில் வெண்படலம் விடும். முகப்பில் ஒரு விளக்குகூட எரியாமல் போவதற்கு அதைக் கைகாட்டுவது வெறும் ஊகம். தண்ணீரே வராவிட்டாலும் பொதுவாக விளக்கு எரியும், அதற்குப் பிறகுதான் இயந்திரம் தண்ணீர் இல்லை என்று பிழை காட்டும்.

டெஸ்டர் விஷயத்தைச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் மொத்த ஏமாற்றும் அதன் மேல்தான் கட்டப்பட்டது. டெஸ்டரின் நியான் விளக்கு எரிய மிகச் சிறிய மின்னோட்டம் போதும், அது பிடித்திருப்பவரின் உடல் வழியாகவே தரைக்குப் போய்விடுகிறது. ஆகவே டெஸ்டர் எரிந்தால் மின்சாரத்தைக் கொண்டுவரும் ஃபேஸ் கம்பியில் மின்சாரம் இருக்கிறது என்று மட்டுமே பொருள். அது திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பி கருகி அறுந்து கிடந்தாலும் டெஸ்டரில் அது எரியும், ஆனால் சாதனம் ஓடாது. மீட்டர் வைத்துப் பார்த்தால்கூட, இணைப்பு முழுதும் அறுந்துபோகாமல் கருகி மட்டும் இருக்கும்போது 230 வோல்ட் காட்டக்கூடும், சுமை ஏறிய உடனே அது விழுந்துவிடும். எனவே அந்த பாயிண்டில் வேறொரு சாதனத்தைச் செருகி ஓடுகிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்று போதும், கால் நிமிடத்தில் விடை தெரிந்துவிடும். மின்சாதனங்களைப் பழுது பார்த்துப் பிழைப்பவருக்கு இது தெரியாது என்பதை நான் ஏற்க மாட்டேன்.

அவர் கதவின் உள்பலகையைக் கழற்றி போர்டை எடுத்து, புதியது வாங்கி வருவதாகச் சொல்லிப் பையில் போட்டுக்கொண்டார். பழையதை எங்களிடமே கொடுத்துவிடுங்கள் என்று என் மனைவி கேட்டதற்கு, கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியது கிடைக்கும் என்றார். கழற்றும்போது எந்தக் கம்பி எங்கே இருந்தது என்று பின்னால் தெரிய வேண்டும் என்பதற்காக என் மகள் ஒவ்வொரு கட்டத்தையும் கைபேசியில் படமெடுத்து வைத்திருந்தாள். அதில் போர்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த பார்கோடு ஸ்டிக்கரும் அதன் எண்ணும் தெளிவாகப் பதிந்திருந்தன. ஸ்டிக்கரின் வலது மூலை கிழிந்திருந்தது, அதன் அருகே நீல மையில் ஒரு டிக் குறியும் இருந்தது.

சில நாட்கள் கழித்து வந்து "புது போர்டை" மாட்டினார். அப்போதும் விளக்கு எரியவில்லை. அவர் சற்றும் கலங்காமல் ஹாலில் இருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்து இயந்திரத்தை அதில் செருகினார், உடனே எரிந்தது. பழைய போர்டு எரிந்ததில் சுவர் பாயிண்டும் போயிருக்கும், அதை நீங்கள் ஆள் வைத்து மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். (தண்ணீரைச் சூடாக்கும்போது இந்த இயந்திரம் ஏறத்தாழ 2,000 வாட் இழுக்கும். சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அதை ஓட விடுவது தீயை வரவழைக்கும் வேலை, சோதனைக்காகக்கூட யாரையும் செய்ய விடாதீர்கள்.)

மறுநாள் எங்கள் ஊர் எலக்ட்ரீசியன் வந்து மெயினை அணைத்து, 16 ஆம்பியர் பாயிண்டைத் திறந்து காட்டினார். நியூட்ரல் முனையின் திருகு தளர்ந்து, கம்பி விரல்நுனி நீளத்துக்குக் கரியாகி, பின்புறத்து பிளாஸ்டிக் உருகி வழிந்திருந்தது. தளர்ந்த இணைப்பு சூடாகும், சூடானால் இன்னும் தளரும், கடைசியில் கருகும் என்றார். கருகிய நுனியை வெட்டிவிட்டுப் புது பாயிண்ட் மாட்டியதும் இயந்திரம் பழையபடி ஓடத் தொடங்கியது. பிறகு மகளின் சந்தேகத்துக்காக அவரையே கதவைத் திறந்து பார்க்கச் சொன்னோம். உள்ளே இருந்தது அதே எண், அதே கிழிந்த மூலை, அதே நீல டிக்!

ரசீதையும் சொல்லிவிடுகிறேன். புதிய போர்டு 7,900, வந்துபோக 600, மாட்டுக்கூலி 600, அத்துடன் "கேரளா பார்டர் சார்ஜ்" 750. இந்தக் கடைசிக் கட்டணம் முழுப் பொய். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்த பிறகு எல்லையில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டுவிட்டன, மாநிலம் மாறுவதால் வரி விகிதமும் கூடுவதில்லை. ஜிஎஸ்டி எண் என்று ரசீதில் அச்சிட்டிருந்ததை எண்ணிப் பார்த்தால் 13 எழுத்துகள்தான் இருந்தன. உண்மையான எண்ணில் 15 இருக்கும், தமிழ்நாட்டில் பதிவானது 33 என்றும் கேரளத்தில் பதிவானது 32 என்றும் தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யாருடையது என்றே காட்டிவிடும்.

கடையில் போய்க் கேட்டபோது, போர்டை ரிப்பேர் செய்து மாட்டியிருப்பார் என்று மேலாளர் சமாளித்தார். ரசீதில் "புதிய போர்டு" என்று அவர்கள் ஆளே கைப்பட எழுதியிருந்ததைக் காட்டியதும் குரல் மாறிவிட்டது. "கேஸ் போடறதுன்னா கோயம்புத்தூர்லதானுங்க போடோணும், அலைய முடியுமுங்களா?" என்றார். அதுவும் பொய்தான். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம், விற்றவர் வேறு மாநிலத்தில் இருந்தாலும் சரி. பழைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த வசதி இல்லை என்பதால்தான் எல்லையோரக் கடைகளில் இன்னமும் இந்த மிரட்டல் எடுபடுகிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர்ந்தால் போதும்.

உங்கள் வீட்டிலும் இயந்திரம் ஆன் ஆகாவிட்டால், ஆளை அழைக்கும் முன் மெயின் பெட்டியில் எம்சிபி (கோளாறு வந்தால் தானாக அணையும் சுவிட்ச்) விழுந்திருக்கிறதா என்று பாருங்கள், கதவைத் திறந்து மறுபடி "டக்" என்ற சத்தம் வரும்வரை அழுத்தி மூடுங்கள். விளக்கு எரிந்தும் ஓடாவிட்டால் சைல்டு லாக்கோ தாமதத் தொடக்கமோ போட்டிருக்கக்கூடும். பாயிண்டில் கருகல் வாடையோ கறுப்போ தெரிந்தால் எதையும் செருகாமல் எம்சிபியை இறக்கிவிட்டு எலக்ட்ரீசியனை அழையுங்கள். போர்டைத்தான் மாற்ற வேண்டும் என்று ஒருவர் சொன்னால், வேறு சாதனத்தை அதே பாயிண்டில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், போர்டின் ஸ்டிக்கரைப் படமெடுங்கள், பழையதைக் கையோடு வாங்கி வையுங்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவான பிறகு, கடையிலிருந்து போர்டுக்கான 7,900 ரூபாயைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்துபோனதும் மாட்டியதும் உழைப்புக்கான கூலி என்று சொல்லி, பார்டர் சார்ஜையும் அதனுடன் சேர்த்து, மீதி 1,950 ரூபாயைத் தர மறுக்கிறார்கள். அதற்கான மனு பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது.