இருந்த இடத்திலேயே வீடா, பெரும்பாக்கத்தில் வீடா?

வடசென்னையில் பலருக்கு வேலை தந்த பின்னி நெசவு மில் 1996இல் மூடப்பட்டது. இன்று வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு பக்கம் மூட்டை தூக்குவது, ஆட்டோ, மீன் கூடை, வீட்டுவேலை என்று அன்றாடக் கூலியில் ஓடும் குடும்பங்கள் ஏராளம். இவர்களுக்கு வீடு தர அரசு பிடிக்கும் வழி பெரும்பாலும் இரண்டுதான்: பழைய குடியிருப்பை இடித்து அங்கேயே கட்டுவது, இல்லையென்றால் நகரத்துக்குத் தெற்கே பெரும்பாக்கத்தில் அரசு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்புவது.

பெரும்பாக்கத்தில் வீடு கட்டி முடித்தே தருகிறார்கள், நிலமும் மலிவு. ஆனால் வியாசர்பாடியிலிருந்து 25 கிலோமீட்டருக்கு மேல். காசிமேட்டில் மீன் ஏலம் விடியுமுன்பே களைகட்டிவிடும். அங்கே கூடை எடுத்து, தெருத்தெருவாக விற்கும் அக்கா பெரும்பாக்கத்திலிருந்து எந்த பஸ்ஸைப் பிடித்து வருவார்? வந்தாலும், கடனுக்கு மீன் வாங்கும் வாடிக்கை வீடுகள் இங்கேதானே இருக்கின்றன! பிள்ளையின் பள்ளி, அவசரத்துக்கு ஓட ஸ்டான்லி ஆஸ்பத்திரி, கைமாற்று தரும் பக்கத்து வீடு, எல்லாமே கணக்கில் வராத சொத்து.

இருந்த இடத்திலேயே கட்டுவதிலும் தொல்லை உண்டு. வேலை முடியும்வரை வாடகை வீட்டில் திண்டாட வேண்டும். கட்டுமானம் சொதப்பலாம், புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்பில் சுவர்ப்பூச்சு உதிர்ந்தது 2021இல் பெரிய செய்தியானது. அப்புறம் லிஃப்ட், தண்ணீர் மோட்டார், பராமரிப்புக் கட்டணம் என்று புதுச் செலவுகள்.

என் ஓட்டு இருந்த இடத்துக்குத்தான். ஒரு நிபந்தனை: இடிக்குமுன்பே யாருக்கு வீடு என்ற பட்டியலை ஒட்ட வேண்டும், கூட்டுக்குடும்பத்தில் கல்யாணமான பிள்ளைகளையும் சேர்த்து.